திட்டமும் நிறைவேற்றமும்: ஷேக்கி முதல் இன்றைய கணனி முகவர் வரை

இட்ட பணியைப் பல படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படிக்கும் ஏற்ற கருவியைத் தாமே தெரிந்து இயக்கும் கணனி நிரல்கள் இன்று 'முகவர்' என வழங்கப்படுகின்றன. இவை பற்றிய பேச்சு 2022ஆம் ஆண்டின் பின்னரே பெருகியது. எனினும், பல படிகள் கொண்ட செயலொன்றை இயந்திரம் பிழையின்றி முடிப்பது எங்ஙனம் என்னும் வினா புதியதன்று. 1966க்கும் 1972க்கும் இடையில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கிலே, ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான 'ஷேக்கி' என்னும் றோபோவை ஆக்கியோர் அவ்வினாவை நேரே எதிர்கொண்டனர்.

ஷேக்கியின் உலகு மிகச் சிறியது: சில அறைகள், வாயில்கள், பெட்டிகள். 1971இல் றிச்சார்ட் பைக்ஸ், நில்ஸ் நில்சன் ஆகியோர் வெளியிட்ட 'ஸ்ரிப்ஸ்' என்னும் முறை அதற்குத் திட்டம் வகுத்தது. செயலுக்கு முன் நிலவவேண்டிய நிபந்தனைகள், செயலால் உண்மையாகுபவை, செயலால் பொய்யாகுபவை என ஒவ்வொரு செயலும் விவரிக்கப்பட்டது. தருக்க நோக்கில் இதிற் குறைகாண்பது அரிது. ஆயினும் தரையிலே சில்லு வழுக்கிற்று. சிறு வழுக்கள் சேர்ந்து, ஷேக்கி தான் நிற்பதாகக் கருதிய இடமும் உண்மையில் நின்ற இடமும் வேறுபட்டன.

இக்குறையை நீக்கவே பைக்ஸ், பீற்றர் ஹாட், நில்சன் ஆகிய மூவரும் 1972இல் 'பிளானெக்ஸ்' என்னும் நிறைவேற்று முறையை விளக்கினர். அதன் உயிர்நாடி முக்கோண அட்டவணை. எஞ்சிய படிகள் வெற்றிபெற எவ்வெவை உண்மையாயிருத்தல் வேண்டும் என்பதை அவ்வட்டவணை ஒவ்வொரு படிக்கும் குறித்து வைத்தது. ஷேக்கி அடுத்த படிக்குக் கண்மூடித் தாவுவதில்லை. இலக்கு ஏலவே நிறைவேறிவிட்டதா, இல்லையேல் இறுதிப் படி மட்டும் போதுமா, இறுதி இரண்டும் வேண்டுமா எனப் பின்னிருந்து முன்னோக்கி வினவிற்று. எவரேனும் பெட்டியை நகர்த்திவிட்டால் முந்திய படி மீண்டும் செய்யப்பட்டது. தற்செயலாக வேலை முடிந்திருந்தாற் படிகள் விடப்பட்டன. எந்நிலையும் பொருந்தாதபோது புதுத் திட்டம் வகுக்கப்பட்டது. ஸ்ரிப்ஸின் புகழ் பிளானெக்ஸை மறைத்துவிட்டது என்பது வருந்தத்தக்கதே.

பெட்டியை இருமுறை தள்ளினாற் கேடில்லை. பணத்தை இருமுறை செலுத்தினால் உண்டு. இச்சிக்கல் தரவுத்தள ஆய்விலே வேறு வடிவிற் தோன்றியது. 1987இல் ஹெக்டர் கார்சியா-மொலினா, கெனத் சேலம் இருவரும் நெடும்பணியைச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஈடுசெய் செயலை இணைக்கும் 'சாகா' முறையை முன்வைத்தனர். இடையிலே தடை நேரின் முடிந்த கூறுகள் பின்னிருந்து ஈடுசெய்யப்படும். ஈடுசெய்தல் அழித்தலாகாது; அனுப்பிய கடிதத்தைத் தொடர்ந்து திருத்தக் கடிதம் அனுப்புவது போன்றது அது.

2022இல் வெளியான 'றியாக்ட்' முறை, மொழி மாதிரியின் சிந்தனையையும் கருவிச் செயலையும் அவதானிப்பையும் மாறிமாறி நிகழச் செய்தது. ஒரு படி நூற்றுக்கு 95 தடவை சரியாக நிகழ்ந்தாலும், ஒன்றையொன்று சாராத 20 படிகள் தொடரின் முழுப்பணி பழுதின்றி முடிவது நூற்றுக்கு ஏறத்தாழ 36 தடவையே. ஷேக்கியின் நிபந்தனைகளை மனிதர் எழுதினர். மொழி மாதிரியோ முடியாத படியையும் முடிந்ததெனக் கூறவல்லது. ஆதலின் அதன் கூற்றை ஏற்காது, கோப்பு உண்மையில் உள்ளதா, கணக்கு உண்மையில் மாறியதா என வேறொரு சாதாரண நிரலைக் கொண்டு நோக்குகின்றனர். கொடுப்பனவு ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கமிட்டு இருமுறை நிகழாது தடுக்கின்றனர். மீளமுடியாத படிக்கு முன் மனிதரின் இசைவைப் பெறுகின்றனர்.