ஓடி பெயரில் ஒரு வால்வு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு 'நார்மலி குளோஸ்டு' வால்வைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சிக்னல் வந்தால்தான் திறக்கும். பித்தநாளம் முன்சிறுகுடலில் சேருமிடத்தில் இருக்கிற சுருக்குத்தசையும் ஏறக்குறைய அந்த ரகம்தான். வயிறு காலியாக இருக்கும்போது அது இறுகியிருப்பதால் பித்தநீர் பெரும்பாலும் பித்தப்பைக்குத் திரும்பிவிடும். கொழுப்புள்ள சாப்பாடு குடலுக்கு வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும். பை சுருங்கும், வால்வு தளரும்.

இதற்கு ருஜ்ஜேரோ ஓடி என்ற இத்தாலியரின் பெயர். ('ஓடி' என்றால் ஓடிப்போனவர் இல்லீங்க, குடும்பப் பெயர்.) ஆனால் அங்கே வளையமாகத் தசைநார்கள் இருப்பதை இங்கிலாந்தின் பிரான்சிஸ் கிளிசன் 1654லேயே எழுதிவிட்டார். அப்புறம் ஓடி என்னதான் செய்தார்? அளந்தார். 1887ல், பெருஜியாவில் மருத்துவ மாணவராக இருந்தபோதே, நாய்களில் அந்தத் தசை எவ்வளவு அழுத்தத்தைத் தடுத்து நிறுத்துகிறது என்று சோதித்தார். என்னைக் கேட்டால், பெயர் அவருக்குப் போனது நியாயம்தான். தசை இருக்கிறது என்பது வேறு, அது வேலை செய்கிறது என்று காட்டுவது வேறு.

1894ல் ஜெனோவாவில் உடலியல் துறைக்கே தலைவர். 1900ல் போதைப் பழக்கமும் பணக் கணக்குச் சிக்கலும் சேர்ந்து அந்தப் பதவி போனது. பிறகு கொஞ்ச காலம் காங்கோவில் டாக்டர். 1913ல் துனிசியாவில் இறந்தார், ஐம்பதைத் தொடவில்லை.

மார்ஃபின் இதே தசையை இறுக்கும் என்பதால், பித்தக்கல் வலிக்கு அதைக் கொடுக்க டாக்டர்கள் ரொம்ப காலம் தயங்கினார்கள்.