கொள்ளுத்தாத்தா பேர் சென்சஸில் கிடைக்குமா? விழுப்புரம், திண்டிவனம் குடும்பங்கள் தேட வேண்டிய இடமே வேறு!

2025 நவம்பரில் எஸ்.ஐ.ஆர் படிவத்தோடு பி.எல்.ஓ வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? 2002, 2005 வாக்காளர் பட்டியலில் அப்பா பேர் எங்கே, தாத்தா பேர் எங்கே என்று ஆளாளுக்கு செல்போனில் தேடினோம். அப்போதுதான் பலருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. தாத்தா பேர் தெரியும். தாத்தாவோட அப்பா பேர்? கொஞ்சம் யோசிக்கணும். அவரோட அம்மா பேர்? வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

"வெள்ளைக்காரன் காலத்திலேயே சென்சஸ் எடுத்தாங்களே, அதில் இருக்குமே" என்று தோன்றுவது இயல்பு. வெளிநாட்டில் வம்சாவளி தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்பது அங்கேதான். இங்கிலாந்தில் 1921-ல் எடுத்த கணக்கெடுப்பின் வீட்டு வாரியான பக்கங்கள், 100 ஆண்டு கழித்து 2022 ஜனவரியில் வெளியாகின. அமெரிக்காவில் இந்தக் காத்திருப்பு 72 ஆண்டு. 1950-ல் எடுத்ததை 2022 ஏப்ரல் 1-ல் திறந்துவிட்டார்கள். பேரை டைப் செய்தால் கொள்ளுத்தாத்தா எந்தத் தெருவில் குடியிருந்தார், என்ன வேலை பார்த்தார் என்பதுவரை வந்துவிடும்.

நம்மூரில் அது நடக்காது. ஏன்?

சென்சஸ் எண்ணும், பேர் சொல்லாது

1948-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. கணக்கெடுப்பு அலுவலர் எழுதிய பதிவேட்டைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. சிவில் வழக்கில் அதைச் சாட்சியமாகவும் காட்ட முடியாது. 100 ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்ற ஏற்பாடும் அதில் இல்லை. 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாகக் கொண்ட கணக்கெடுப்பில் சாதி விவரமும் கேட்கப்படுகிறது. அதுவும் இதே சட்டத்தின் கீழ்தான் வருகிறது.

இதற்கு நெருங்கிய விதிவிலக்கு என்றால் அசாமைச் சொல்லலாம். 1951 சென்சஸை ஒட்டி அங்கே தயாரான குடிமக்கள் பதிவேடு, பல பத்தாண்டு கழித்து என்.ஆர்.சி பணியில் 'தாத்தா பேர் இருக்கா' என்று பார்க்கும் ஆவணமாகவே மாறியது. அது எத்தனை குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுத்தது என்பது நாடறிந்த கதை. பேர்ப்பட்டியல் பூட்டியே இருப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று அதைப் பார்க்கும்போது தோன்றத்தான் செய்கிறது.

அப்போ சென்சஸ் ஒன்றுக்குமே உதவாதா? உதவும், வேறு விதத்தில். நாடு முழுக்க ஒரே நேரத்தில் எடுத்த முதல் கணக்கெடுப்பு 1881-ல் நடந்தது. எல்லாச் சாதிகளையும் விரிவாகப் பட்டியலிட்டு வெளியான கடைசி அறிக்கை 1931. 1951-ல் தொடங்கி வந்த மாவட்டக் கையேடுகளில் கிராம வாரியாக மக்கள்தொகை இருக்கும். இவையெல்லாம் சென்சஸ் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஊர் எவ்வளவு பெரிசு, எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதற்கு இது நல்ல ஆதாரம். ஊர் தெரியும், ஆள் தெரியாது, அவ்வளவுதான்.

தேடும்போது ஒன்றை மறக்கவே கூடாது. விழுப்புரம் மாவட்டம் பிறந்ததே 1993 செப்டம்பர் 30-ல்தான். அதற்கு முன் விழுப்புரமும் திண்டிவனமும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்துத் தாலுகாக்கள். பழைய ஆவணத்தில் 'விழுப்புரம் மாவட்டம்' என்று தேடினால் எதுவும் வராது. ஆங்கிலத்தில் 'சவுத் ஆர்காட்' என்று தேடணும்.

பட்டாளத்துக்குப் போனவர் வீட்டில் இருந்தாரா?

பேரோடு, அப்பா பேரோடு, ஊர்ப் பேரோடு ஒரு சாதாரண மனிதரைப் பிரிட்டிஷ் அரசு எழுதி வைத்தது எப்போது? அவரிடமிருந்து ஏதாவது தேவைப்பட்டபோதுதான். நிலத்துக்கு வரி வேண்டும்போது, தோட்டத்துக்குக் கூலி வேண்டும்போது, போருக்கு ஆள் வேண்டும்போது. அதனால் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று ஊரில் பேர் வாங்கிய குடும்பங்களுக்குத் தேட ஒரு வழி இருக்கிறது.

இதில் காலத்தைக் கவனிக்கணும். பஞ்சாபிகள், கூர்க்காக்கள்தான் 'போர்க்குணம்' உள்ளவர்கள் என்று முடிவுகட்டிய ஆங்கிலேயர்கள், மெட்ராஸ் காலாட்படையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, முதல் உலகப்போருக்குப் பிறகு கிட்டத்தட்டக் கலைத்தே விட்டார்கள். 1780-ல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைதான் தாக்குப்பிடித்தது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஆள் பற்றாக்குறை. மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடி உயிர்பெற்றது. பாலம் கட்ட, சாலை போட, லாரி ஓட்ட என்றும் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் 1940-களில் போனவராக இருந்தால் இந்தப் படைகளில் ஒன்றில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் வீட்டுப் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புக் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது இல்லாமல் மெடல் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. இந்தியப் படைவீரர்களுக்கு வழங்கிய மெடல்களின் விளிம்பில் பெரும்பாலும் சர்வீஸ் நம்பர், பதவி, பேர், படைப்பிரிவு பொறித்திருப்பார்கள். முகப்பில் இருக்கும் ராஜா படத்தைத்தான் எல்லோரும் பார்ப்போம். விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் படிக்கணும். புளி போட்டுத் தேய்த்து விடாதீர்கள், எழுத்து போய்விடும்.

சர்வீஸ் நம்பர் ஏன் அவ்வளவு முக்கியம்? நமக்குக் குடும்பப் பேர் கிடையாதே! முனுசாமி, கோவிந்தன், ஏழுமலை என்ற பேர்களில் எத்தனை பேர் பட்டாளத்துக்குப் போயிருப்பார்கள்? ஒரே பேரை ஒரு கிளார்க் ஒரு மாதிரி எழுதியிருப்பார், அடுத்தவர் வேறு மாதிரி எழுதியிருப்பார். நம்பர் மட்டும் மாறாது.

போரில் இறந்தவர் எளிதாகக் கிடைப்பார்

கேட்கச் சங்கடமாக இருந்தாலும் உண்மை இதுதான். முதல் உலகப்போரில் 74,000-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும், இரண்டாம் உலகப்போரில் 87,000-க்கும் மேற்பட்டவர்களும் இறந்தார்கள். இவர்களின் பேர்களை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம்.

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டம் பலருக்கும் தெரியும். ஆனால் நம் பக்கத்து வீரர்கள் பலரின் பேர் கடல் தாண்டித்தான் இருக்கிறது. மியான்மரின் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் கிட்டத்தட்ட 27,000 பேர்களும், சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேற்பட்ட பேர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. உடல் கிடைக்காதவர்கள், எரியூட்டப்பட்டதால் கல்லறை இல்லாதவர்கள் எல்லாம் இப்படிப் பேராக மட்டும் சுவரில் இருக்கிறார்கள்.

பேர் சரியாகத் தெரியாவிட்டாலும் தேடலாம். கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் ஊர், தாலுகா, மாவட்டப் பேரை ஆங்கிலத்தில் கொடுத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப்போர் வீரர்கள் பலருக்கு 'இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர், தென்னாற்காடு' என்று ஒரு வரி இருக்கும்.

அந்த 'இன்னாரின் கணவர்' என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நிலப் பட்டாவில் பேர் இல்லாத, பள்ளிக்கூடம் போகாத, ஓட்டுப் போடும் உரிமையும் இல்லாத ஒரு பெண்ணின் பேர் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. பல குடும்பங்களில் கொள்ளுப்பாட்டியின் பேர் இருக்கும் ஒரே அரசு ஆவணம் அதுவாகத்தான் இருக்கும். அவர் விதவையானதால் கிடைத்த பதிவு.

முதல் உலகப்போரில் போனவர்களுக்கு இந்த அளவு விவரம் எதிர்பார்க்க முடியாது. 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள்' என்ற கல்வெட்டு தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதில் எண் மட்டும்தான், பேர் இல்லை. பஞ்சாப் கதை வேறு. அங்கே கிராமம் கிராமமாக எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடைத்து, சுமார் 3,20,000 வீரர்களின் விவரங்கள் 2021 முதல் இணையத்தில் ஏறத் தொடங்கின. பொறாமையாகத்தான் இருக்கிறது.

உயிரோடு திரும்பி வந்தவர் என்றால்?

இங்கேதான் சிக்கல். படையில் சேரும்போது எழுதும் 'ஷீட் ரோல்' என்ற ஆவணத்தில் அப்பா பேர், ஊர், சாதி, வாரிசு எல்லாம் இருக்கும். ஆனால் பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. போர் முடிந்ததும் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் இந்த ரகம்தான். அவர்களுக்கு மிஞ்சுவது 'லாங் ரோல்'. அதில் நம்பர், பேர், சேர்ந்த தேதி, விலகிய தேதி போன்ற சுருக்கமான விவரங்கள் இருக்கும். அதை அழிப்பதில்லை.

மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஆவண அலுவலகம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ், பயனியர் கோர் இரண்டுக்கும் பெங்களூரு. நீங்கள் அவருக்கு என்ன உறவு என்பதற்கான சான்றோடு கடிதம் எழுதலாம். நம்பர் இல்லாமல் வெறும் பேரை எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பது வீண். அதற்கு முன் விழுப்புரத்தில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை தருகிறது. தாத்தாவோ பாட்டியோ அதை வாங்கியிருந்தால் கோப்பு அங்கேயே இருக்க வாய்ப்புண்டு.

பாண்டிச்சேரியில் சொந்தம் உண்டா?

இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. திண்டிவனம், வானூர், கோட்டக்குப்பம் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததெல்லாம் பிரெஞ்சு எல்லையைப் பார்த்தா நடந்தது? பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, திருமணம், இறப்பைப் பேர், வயது, தொழில், சாட்சிகள் என்று விரிவாகப் பதிவு செய்தார்கள். அந்தப் பழைய பதிவேடுகளைப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இன்னொன்று, 1881 செப்டம்பர் ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் குடும்பப் பேர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதிந்தார்கள். நம்மிடம் இல்லாத அந்தக் குடும்பப் பேர், தேடுவதைப் பல மடங்கு சுலபமாக்கிவிடும்.

பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களைப் பாண்டிச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். முதல் உலகப்போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காகத்தான் 1938-ல் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெம்வார் தேஸ் ஓம்' தளத்தில், நாட்டுக்காக உயிர் நீத்தவர் என்று அறிவிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை இருக்கிறது. பிறந்த தேதி, பிறந்த இடம், இறந்த இடம் எல்லாம் அதில் வரும்.

பட்டாளத்துக்கே போகாத குடும்பம் என்றால்?

பழைய கிரயப் பத்திரம்தான் கை கொடுக்கும். 'இன்ன ஊரில் இருக்கும் இன்னார் மகன் இன்னார்' என்று இரண்டு தலைமுறை ஒரே வரியில் வந்துவிடும், பாகப்பிரிவினைப் பத்திரம் என்றால் அண்ணன் தம்பி வரிசையே கிடைக்கும். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்று 1975-க்குப் பிறகுதான் சுலபமாகக் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்லணும். பழைய பிறப்புப் பதிவேட்டை மட்டும் அதிகம் நம்பாதீர்கள். பெரும்பாலும் குழந்தை ஆணா பெண்ணா, அப்பா யார் என்பதோடு முடிந்துவிடும், பேர் இருக்காது.

எங்கே தேடுவதாக இருந்தாலும் கையில் வேண்டியது மூன்று விஷயம்: அந்தக் காலத்தில் ஊரை என்ன பேரில் சொன்னார்கள், தாத்தாவை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள், ரெக்கார்டில் என்ன பேர் இருந்தது. இந்த மூன்றையும் சொல்லக்கூடிய பெரியம்மாவோ அத்தைப் பாட்டியோ இன்னும் இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். வெலிங்டனுக்குக் கடிதம் அதற்கப்புறம் எழுதிக்கொள்ளலாம்.