மாத்திரைக்கு முன் கேட்க வேண்டியவை: பம்பாயில் கருத்தடையின் ஒரு நூற்றாண்டு

இந்தியாவின் முதல் கருத்தடை ஆலோசனை மையமாகக் கருதப்படுவதை 1921இல் பம்பாயில் திறந்தவர் ஒரு கணக்குப் பேராசிரியர். வில்சன் கல்லூரியில் பாடம் நடத்திவந்த ரகுநாத் தோண்டோ கார்வே இதனால் அந்த வேலையை இழந்தார். 1927 ஜூலையில் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி இதழைத் தொடங்கி, 1953இல் இறக்கும்வரை நடத்தினார். ஆபாசம் பரப்புவதாக அவர்மீது வழக்குகள் வந்தன. 1934இல் நடந்த வழக்கில் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். வழக்கு தோற்றது. ஆனால் அம்பேத்கர் இந்தப் பிரச்சினையை அத்துடன் விடவில்லை. 1938 நவம்பரில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடையை ஆதரிக்கும் தீர்மானம் வந்தபோது, அவர் எழுதிய உரையைக் கட்சி உறுப்பினர் பி. ஜே. ரோஹம் வாசித்தார். சபை அதை நிராகரித்தது. தென்னகத்தில் இதே காலத்தில் நிலைமை சற்று வேறாக இருந்தது. மைசூர் அரசு 1930இலேயே அரசுக் கருத்தடை மையங்களைத் திறந்தது. தமிழில் பெரியார் கருத்தடையைப் பெண்ணின் சுதந்திரத்தோடு சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை வேண்டுமா என்று பெண்ணைக் கேட்க வேண்டும் என்பதே இவர்கள் எல்லோருடைய வாதத்தின் அடியிலும் இருந்தது. பின்வந்த அரசுத் திட்டங்கள் அந்தக் கேள்வியை எப்படி நடத்தின என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

1949இல் பம்பாயில் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. அதை நிறுவியவர்களில் ஒருவர் தன்வந்தி ராமராவ். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, ராணி மேரி கல்லூரியில் கற்பித்தவர். மற்றொருவர் கொழும்பில் பிறந்த ஆவாபாய் வாடியா. 1952 நவம்பரில் அவர்கள் பம்பாயில் கூட்டிய அனைத்துலக மாநாட்டில்தான் இன்றைய அனைத்துலகக் குடும்பநலக் கூட்டமைப்பு பிறந்தது. மாநாட்டுக்கு வந்திருந்த மார்கரெட் சாங்கர் அப்போதே அமெரிக்காவில் கிரிகரி பிங்கஸ் என்ற ஆய்வாளரை வாய்வழி மருந்து ஒன்றைத் தேடும்படி தூண்டிவிட்டிருந்தார். மாத்திரை அப்போது ஆய்வகத்தில்தான் இருந்தது.

1960 மே மாதம் அமெரிக்கா எனோவிட் என்ற மாத்திரையைக் கருத்தடைக்கு அனுமதித்தது. அதில் 10 மில்லிகிராம் புரோஜெஸ்டினும் 0.15 மில்லிகிராம் ஈஸ்ட்ரோஜனும் ஆகிய இரு ஹார்மோன்கள் இருந்தன. இன்றைய அளவோடு பார்த்தால் திகைக்க வைக்கும் அளவு அது. 1961இலேயே இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் மாத்திரை உட்கொண்ட பெண்ணின் நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்ததைப் பதிவு செய்தார். 1969 இறுதியில் பிரிட்டன், ஈஸ்ட்ரோஜன் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அறிவுறுத்தியது. அடுத்த ஆண்டு அமெரிக்க மேலவையில் மாத்திரையைப் பற்றி விசாரணை நடந்தபோது, பாதிக்கப்பட்ட பெண்கள் சாட்சிகளில் ஏன் இல்லை என்று பெண்கள் அவையிலேயே எழுந்து கேட்டார்கள். மருந்துப் பெட்டியின் உள்ளே அபாயங்களை எழுதிய துண்டுச்சீட்டு வைக்க வேண்டும் என்ற விதி அந்தக் கேள்விக்குப் பிறகே வந்தது. மாத்திரையைப் பாதுகாப்பானதாக்கியதில் வேதியியலுக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பெண்களின் பிடிவாதத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இந்தியா அந்தப் பத்தாண்டில் மாத்திரையின் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. 1965இல் கருப்பையில் பொருத்தும் லூப் நாடெங்கும் வந்தது. பம்பாய் மாநகராட்சியில் டாக்டர் டி. என். பாய் ரயில் நிலையங்களிலேயே ஆண்களுக்கான கருத்தடை அறுவை (வாசெக்டமி) மையங்களை அமைத்தார். 1976இல் மகாராஷ்டிர சட்டமன்றம் கட்டாயக் கருத்தடை மசோதா ஒன்றையே நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை. இந்த வரிசையில் ஓர் ஒற்றுமை இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒருமுறை செய்து முடித்தால் போதும், மறுபடி அந்த ஆளைச் சந்திக்க வேண்டியதில்லை. இத்தகைய முறைகளே நிர்வாகத்துக்குப் பிடித்தன. மாத்திரைக்கோ தொடர்ந்த உறவு தேவை. முதலில் உடல்நிலை விசாரிக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், மறந்த நாளைப் பற்றிப் பேச வேண்டும். எத்தனை பேருக்குக் கருத்தடை என்ற இலக்குகளை எண்ணிக்கொண்டிருந்த அமைப்பால் இதைச் செய்ய முடியவில்லை. 1996இல் இலக்குகள் கைவிடப்பட்டன. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரை எடுப்போர் 5.1 சதவீதமே.

1980களில் வந்த மாலா-டி, மாலா-என் ஆகிய கருத்தடை மாத்திரைகள் இரண்டிலும் மருந்து ஒன்றே: புரோஜெஸ்டினான லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், ஈஸ்ட்ரோஜனான எத்தினைல் ஈஸ்ட்ரடயால் 0.03 மில்லிகிராம். முன்னது மலிவு விலைக்கு, பின்னது அரசு மையங்களில் இலவசம். பம்பாயின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ மருந்துக்கடையில் வாங்கும் ஓவ்ரல்-எல் அட்டையிலும் இதே மருந்துதான், இதே அளவுதான். வேறுபாடு அட்டையில். கடை அட்டையில் 21 மாத்திரை. அதன்பின் 7 நாள் இடைவெளி. அரசு அட்டையில் 28. கடைசி ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள், நிறம் வேறு. ஒரு நாளும் விடாமல் விழுங்கும் பழக்கம் குலையாமல் இருக்கவும், இரத்தச் சோகைக்கு உதவவும் அவை சேர்க்கப்பட்டன. இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் பெண்கள் நிற மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிட்டு, புது அட்டையை எப்போது தொடங்குவது என்று தெரியாமல் நாள் கடத்திவிடக்கூடும். இடைவெளி ஏழு நாளைத் தாண்டினால் கருமுட்டை வெளிவர வாய்ப்புண்டு. அதனால் அட்டையின் முதல் வாரத்திலும் மூன்றாம் வாரத்திலும் மறப்பதே அதிக ஆபத்து. ஒரு மாத்திரை மறந்தால் நினைவு வந்ததும் விழுங்கி, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் எடுக்கலாம். இரண்டோ அதற்கு மேலோ தவறினால் நினைவு வந்ததும் ஒன்றை எடுத்து, மற்றவற்றை வழக்கம்போலத் தொடர்ந்து, ஏழு நாள் ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். அது மூன்றாம் வாரமானால் இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு நேரே அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். முதல் வாரமாக இருந்து, அதற்கு முந்தைய நாட்களில் உறவு நடந்திருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரை பற்றிக் கேட்க வேண்டும். தவறாமல் எடுத்தால் ஓராண்டில் ஆயிரம் பேரில் மூவர்தான் கருவுறுவர். அன்றாட வாழ்க்கையின் மறதிகளோடு எடுத்தால் நூறில் ஏழு பேர் என்று அமெரிக்கக் கணக்குகள் சொல்கின்றன.

யார் எடுக்கக் கூடாது என்ற பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 1996 முதல் வெளியிடுகிறது. 35 வயது கடந்து புகைப்போர் அதில் முக்கிய இடம் பெறுகிறார்கள். பம்பாயின் தாராவிக் குடிசைப் பகுதியில் வாழும் தமிழ்ப் பெண்களிடம் சிகரெட் பழக்கம் அரிது. இங்கே முதலில் கேட்க வேண்டியவை வேறு. இரத்த அழுத்தம் 140/90க்கு மேல் உள்ளதா? கண்முன் ஒளிக்கோடு தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி உண்டா? காலில் இரத்தக் கட்டி, கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் இருந்ததா? பிரசவமாகி எத்தனை மாதம், தாய்ப்பால் கொடுக்கிறாரா? கொடுக்கிறார் என்றால் ஆறு வாரத்துக்குள் இரு ஹார்மோன்களும் சேர்ந்த இந்தக் கூட்டு மாத்திரை கூடவே கூடாது, ஆறு மாதம்வரை வேறு முறையே நல்லது. இரத்தக் கட்டியின் அச்சத்தையும் அளவோடு சொல்ல வேண்டும். மாத்திரை எடுக்காதோரில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 1 முதல் 5 பேருக்கு அது வரும். எடுப்போரில் 3 முதல் 9. கர்ப்பிணிகளில் 5 முதல் 20. கர்ப்பத்தைவிடக் குறைவு என்று தெரிந்தால் பயம் தணியும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தால் உயிர் காக்கும்.

தாராவியில் இன்னொரு கேள்வி அவசியம்: காசநோய்க்கு மருந்து எடுக்கிறாரா? திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் குடியேறிய நாளிலிருந்தே நெருக்கமான வீடுகளும் காற்றோட்டக் குறைவும் அங்கே மாறவில்லை. காசநோய் அங்கே பழகிய நோய். அதற்கான ஆறு மாதச் சிகிச்சை முழுவதும் ரிஃபாம்பிசின் உண்டு. அந்த மருந்து கல்லீரலின் நொதிகளைத் தூண்டி மாத்திரையின் ஹார்மோன்களை வேகமாகச் சிதைத்துவிடும். ஒரு நாள்கூட மறக்காத பெண்ணும் கருவுறலாம். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசிபைன் ஆகியவையும் இப்படித்தான். சயான் மருத்துவமனையின் தாராவி நகர்ப்புற சுகாதார மையத்துக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'சோட்டா சயான்', அதாவது சின்ன சயான். இத்தகைய மையத்தில் காசநோய் மருந்து ஒரு தேசியத் திட்டத்தின் கீழும், மாலா-என் இன்னொன்றின் கீழும் வருகின்றன. இரண்டையும் சேர்த்துக் கேட்பவர் ஒருவர் வேண்டும், முடிந்தால் தமிழில். வீடு வீடாகப் போகும் ஆரோக்கிய சேவிகாக்களுக்கு அது இயலும். அப்படிக் கேட்டுத் தெரிந்த பெண்ணுக்கு அந்த ஆறு மாதமும் காப்பர்-டியோ கருத்தடை ஊசியோ பொருந்தும். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் நான்கு வாரம் மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் அப்போதே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.