சூனிய வழக்குகளும் ஐயுற்ற நடுவர்களும்

பேய் என்றும் சூனியக்காரி என்றும் ஒருவர்மேல் பழி வந்தபோது, அதை அப்படியே ஏற்காமல் சான்று கேட்டவர்களே ஐயுற்ற நடுவர்கள். ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் சூனிய வழக்குகள் அருகியதற்கு இவர்களும் முக்கியக் காரணம். தமிழகத்தில் இதனோடு வைத்துப் பார்க்கத்தக்கது பழையனூர் நீலி கதையில் வரும் வழக்கு.

பழையனூர், திருத்தணி வட்டாரத்தில் கனகம்மாசத்திரத்தை அடுத்த திருவாலங்காட்டை ஒட்டிய சிற்றூர். முதலாம் இராசேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டில் இவ்வூர் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடையாக அளிக்கப்பட்டதைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. நீலி கதை அதனினும் பழையது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில், வஞ்சனையால் உயிர்கொண்ட ஒருத்தியைக் குறிப்பிடுகிறார். பின்னர் வந்த உமாபதி சிவாச்சாரியாரின் சேக்கிழார் புராணமும் பழையனூர் வேளாளர் வாக்குக் காத்த செயலைப் போற்றுகிறது.

கதை பல வடிவங்களில் வழங்குகிறது. முற்பிறவியில் மனைவியைக் கொன்றவன் மறுபிறவியில் வணிகனாகி இவ்வழியே வருகிறான். கொலையுண்டவள் நீலி என்னும் பேயாகி, அவன் மனைவியின் உருவெடுத்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திப் பின்தொடர்கிறாள். வணிகன் பழையனூர் வேளாளர் எழுபதின்மர் அவையில் புகுந்து, இவள் மனைவியல்லள், தன்னைக் கொல்ல வந்த பேய் என்று முறையிடுகிறான். கணவன் கைவிட்டுப் போகிறானே என்று அவள் அழுகிறாள். குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது வணிகனிடம் ஓடி, அப்பா என்கிறது. இருவரும் கணவன் மனைவியே என்று அவை தீர்க்கிறது. பேய் அண்டாமல் இருக்க அவன் வைத்திருந்த வாளை வாங்கிவைத்து, இருவரையும் ஒரு வீட்டில் தங்கச் செய்கிறது. அவன் உயிருக்குக் கேடு வந்தால் தங்கள் உயிரைத் தருவதாக எழுபதின்மரும் வாக்களிக்கிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர். தெய்வமே சாட்சியாக நின்றது என்னும் நம்பிக்கையில் அங்கே சாட்சிபூதேசுவரர் வழிபடப்படுகிறார்.

பெண்ணின் கண்ணீரை நம்பியதால் வந்த கேடு என்று இக்கதையைச் சொல்வது வழக்கம். அது அந்த அவைக்கு நியாயம் செய்வதாகாது. பேய் என்பதற்கு வணிகனின் வாய்ச்சொல் தவிர வேறு சான்றில்லை. அந்த ஒரு சொல்லுக்காகக் குழந்தையோடு நின்றவளை விரட்டியிருந்தால் அதுவே அநீதி. தீர்ப்புக்குத் தம் உயிரைப் பிணை வைத்த வேறு அவையைச் சூனிய வழக்குகளின் வரலாற்றில் காண்பதரிது. குறை ஒன்றுண்டு: குழந்தையின் வாய்மொழியை முடிந்த முடிபாகக் கொண்டார்கள்.

ஐரோப்பிய வழக்குகளிலும் குழந்தைகளின் வாக்குமூலமே பெரும் சிக்கல். ஸ்பெயினில் லோக்ரோன்யோ நகரத்துச் சமய விசாரணை மன்றம் 1610 நவம்பரில் சூனியக்காரர்கள் என்று 6 பேரை உயிரோடு எரித்தது. சிறையிலேயே இறந்துவிட்ட 5 பேரின் உருவங்களையும் எரித்தது. அம்மன்றத்தின் மூன்று நடுவர்களில் இளையவரான அலோன்சோ டி சலசார் ஃப்ரியாஸ், அடுத்த ஆண்டு பழி எழுந்த பாஸ்க் ஊர்களுக்கே போய் விசாரித்தார். 1,802 பேர் அவர்முன் வந்தார்கள். அவர்களில் 1,384 பேர் சிறுவர் சிறுமியர். சூனியக் களிம்பு என்று கொண்டுவந்தவற்றைச் சோதித்தபோது அவை போலி என்று தெரிந்தது. சூனியத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கிய பிறகே ஊரில் சூனியக்காரர்கள் முளைத்தார்கள் என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார். அவர் கருத்தையொட்டி 1614இல் புது விதிகள் வந்தன; ஸ்பெயினின் சமய விசாரணை மன்றங்களில் சூனிய எரிப்பு ஏறத்தாழ ஓய்ந்தது. ஊர் மக்களின் நம்பிக்கை அப்போதும் மாறவில்லை, நீதிமன்றம்தான் மாறியது.

பிரான்சில் பாரிஸ் உயர்மன்றம், தன் எல்லைக்குள் விதிக்கப்படும் சூனியத் தண்டனைகள் அனைத்தும் மேல்முறையீட்டுக்கு வரவேண்டும் என்று 1624இல் விதித்து, பெரும்பாலானவற்றைத் தள்ளியது. இங்கிலாந்தின் தலைமை நீதிபதி சர் ஜான் ஹோல்ட் (பதவி 1689–1710) தம்முன் வந்த சூனிய வழக்குகளில் எவரையும் தண்டிக்கவிடவில்லை. சூனியத்தால் நோயுற்றதாக நடித்த ஒருவனை 1702இல் மோசடிக்காகத் தண்டித்தார். அமெரிக்காவின் சேலத்தில் 1692இல் 19 பேரைத் தூக்கிலிட வழிசெய்தது, ஆவியுருவைக் கண்டதாகச் சொன்ன சாட்சியம். அதை 1693இல் புது மன்றம் ஒதுக்கியபின் பெரும்பாலோர் விடுதலையாயினர்.

தென்னாட்டில் நடுவர் ஆராய வேண்டியதைக் கொதிக்கும் நெய்யிடம் விட்ட வழக்கமும் இருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் அந்த நெய்யில் கையை முக்க வேண்டிய, சுசீந்திரம் கோயிலில் நடந்த கைமுக்கு அத்தகையது. அது திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் நிறுத்தப்பட்டது.

இந்தியாவில் ஆங்கிலேயர் சட்டம் சூனியக்காரி என்று சொல்லிக் கொல்வதைக் கொலையாகவே கொண்டது. ஆனால் பேய் நம்பிக்கை நீதிமன்றத்தை விட்டு முழுதும் அகலவில்லை. ஒரிசாவின் (இன்றைய ஒடிசா) ரஸ்கோவிந்த்பூர் விமானத்தளத்தில் 1958இல் இரவில் இலுப்பைப்பூ பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களைப் பேய்கள் என்று எண்ணி ஒருவர் வெட்டினார். ஒரு பெண் இறந்தார். நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு என்று இந்திய தண்டனைச் சட்டம் 79ஆம் பிரிவின்கீழ் அவரை விடுவித்ததை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. இலுப்பைப்பூ பொறுக்கப் போனவர்களின் உயிருக்கு அத்தீர்ப்பில் உரிய எடை கிடைக்கவில்லை.

பீகார் (1999), ஜார்க்கண்ட் (2001), சத்தீஸ்கர் (2005), ஒடிசா (2013), ராஜஸ்தான் (2015) முதலிய மாநிலங்களில் சூனியப் பழிக்கு எதிரான தனிச் சட்டங்கள் உள்ளன.