கடற்கரை நகரமும் ஆலைச் சங்கும்: 'சீசன்' பற்றிச் சில குறிப்புகள்

கரையோர உல்லாச நகரங்களில் பருவகாலம் முடிந்ததும் கடைகளும் விடுதிகளும் பூட்டப்பட்டு விடுகின்றனவா? தொழிற்சாலையில் என்னோடு இரவுவேலை செய்யும் நண்பர் ஒருவர் தை மாதத்தில் குடும்பத்துடன் பிளாக்பூலுக்குப் போக யோசித்தபோது கேட்ட கேள்வி இது. 'குளிர் வந்தால் சனம் வராது, சனம் வராவிட்டால் கடை பூட்டுவான், இதற்குள் என்ன வரலாறு இருக்கிறது?' என்று தானே பதிலும் சொல்லி முடித்தார். ஊரிலே ஒருகாலத்தில் பொருளியல் வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில் அந்தப் பதிலை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

காலநிலைதான் கதவைப் பூட்டுகிறது என்ற விளக்கம் பிரான்சின் தென்கரையில் உடனே உடைந்து போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீஸ், கான் ஆகிய நகரங்களின் பெரிய ஹோட்டல்கள் திறந்திருந்தது குளிர்காலத்தில். பூட்டிக் கிடந்தது கோடையில். இங்கிலாந்தினதும் ரஷ்யாவினதும் செல்வந்தர் தமது நாட்டுக் குளிருக்குத் தப்பி அங்கு வந்தனர். விக்டோரியா மகாராணி 1895 முதல் 1899 வரை நீஸின் சிமியே மேட்டில் தங்கியது வசந்தகாலங்களில். யூலை, ஓகஸ்ட் அங்கு செத்த மாதங்கள். 1923 கோடையில் ஜெரால்ட் மேர்பி, சாரா மேர்பி என்ற அமெரிக்கத் தம்பதிகளுக்காக அந்தீப் முனையிலிருந்த ஹோட்டல் வழக்கத்துக்கு மாறாகத் திறந்து வைக்கப்பட்டது ஒரு செய்தியாகவே பேசப்பட்டது. 1936இல் மக்கள் முன்னணி அரசாங்கம் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. அதன்பின் கோடையே அந்தக் கரையின் பருவமாக நிலைபெற்றது. அதே கடல், அதே வெயில். வந்த மனிதர்களும் அவர்கள் கையிலிருந்த ஓய்வு நேரமும்தான் மாறின. (எங்களுக்கும் 'சீசன்' புதிய சொல்லல்ல. நுவரெலியாவின் ஏப்ரல் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம்.)

அப்படியானால் பிளாக்பூலின் பருவத்தை யார் தீர்மானித்தார்கள்? லங்காஷயரின் பஞ்சாலைகள் என்பதே எனது பதில்.

1846இல் புகையிரதம் அந்தக் கரையை வந்தடைந்தது. ஆனால் புகையிரதம் மட்டும் ஒரு பருவகாலத்தை உண்டாக்கிவிடாது. லங்காஷயரின் ஒவ்வொரு ஆலைநகரத்திலும் பழைய தேவாலயத் திருவிழாவிலிருந்து வந்த ஒரு விடுமுறை இருந்தது. அதனை 'வேக்ஸ்' என்பார்கள். திருவிழா நாட்களில் தொழிலாளர் எப்படியும் வேலைக்கு வரமாட்டார்கள் என்பது முதலாளிகளுக்குத் தெரியும். ஆகவே அந்த நாட்களில் ஆலையை முற்றாக நிறுத்திக் கொதிகலன்களைத் துப்புரவு செய்வதும் இயந்திரங்களைத் திருத்துவதும் அவர்களுக்கே வசதியாயிற்று. நூற்றாண்டின் இறுதிக்குள் இது பல நகரங்களில் முழு வாரமாக வளர்ந்தது. திருவிழாத் தேதிகள் ஊருக்கு ஊர் வேறுபட்டதால் ஓல்டம் ஒரு வாரம், பிளாக்பேர்ன் இன்னொரு வாரம், போல்ற்றன் வேறொரு வாரம் என்று யூனிலிருந்து செப்ரெம்பர் வரை நகரங்கள் முறைவைத்துக் காலியாகின. எங்கள் ஊரில் ஒரு கோயிலின் தீர்த்தம் முடிய மணிக்கடைக்காரர் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த கோயிலின் கொடியேற்றத்துக்குப் போவார். பிளாக்பூலில் கடைக்காரர் அசையவில்லை. திருவிழாக்கள் ஒவ்வொன்றாக அவரிடம் வந்தன.

அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் மறந்துவிடக்கூடாது. தொழிலாளர் ஆண்டு முழுவதும் சேமிப்புச் சங்கங்களில் பென்னி பென்னியாகப் போட்டு வைத்த காசுதான் அந்த ஒரு வாரத்தில் கரையிலே செலவானது. சம்பளத்துடன் விடுமுறை பற்றிய சட்டம் பிரித்தானியாவில் 1938இல்தான் வந்தது. அதுவும் எல்லோருக்கும் உரிமையாக அல்ல.

இனி, 'பூட்டுதல்' என்றால் என்ன? இந்தக் கேள்வியைப் பொருளியல் வரலாற்றாசிரியர்கள் நீண்ட காலம் கேட்கவில்லை. ஜோன் வோல்ற்றன் 1978இல் பிளாக்பூலின் விடுதிக்காரிகளைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதிய பின்னரே அந்தப் பெண்கள் கேலிச்சித்திர அஞ்சலட்டைகளிலிருந்து வரலாற்றுக்குள் வந்தார்கள் என்று சொல்லலாம். பெரும்பாலான விடுதிகள் ஒரு பெண் நடத்திய சாதாரண வீடுகள். கணவன் வேறு வேலைக்குப் போவான், அல்லது கணவன் இருக்கமாட்டான். விருந்தினர் தமது உணவுப் பொருட்களைத் தாமே வாங்கிக் கொடுப்பார்கள், அவள் சமைத்துக் கொடுப்பாள். மேசையில் வைத்த உப்புக்கும் மிளகுக்கும் தனியாகக் காசு வாங்கிய கதைகள் பிரசித்தம். கோடையில் அறைகளையும் கட்டில்களையும் விருந்தினருக்கு விட்டுவிட்டு அவளது குடும்பம் குசினியிலும் கூரையடியிலும் படுக்கும். குளிர்காலத்தில் தெருப்பக்கத்து அறைகளில் வெளிச்சம் இராது. ஆனால் அந்த வீடு பூட்டியிருந்ததா? துணிகளைத் தோய்த்து, ஒட்டுப்போட்டு, சுவர்களுக்குக் காகிதம் ஒட்டி, கடனைச் சமாளித்து, கிடைத்தால் நீண்டகால வாடகைக்காரர் ஒருவரை வைத்து அவள் அடுத்த யூனுக்காக உழைத்துக்கொண்டிருந்தாள். பூட்டியது வருமானம் மட்டுமே. ஆண்டு முழுவதும் நீண்ட உழைப்புக்குச் சில வாரங்கள் மட்டுமே விலை கொடுத்தன.

அரசின் கணக்குப் புத்தகங்களுக்கும் இது பிடிபடவில்லை. குடிசன மதிப்பீடு வழமையாகப் பருவம் தொடங்குமுன் வசந்தத்தில் எடுக்கப்பட்டதால் கோடைக்கு மட்டும் வரும் பணிப்பெண்கள் அங்கே இல்லை. 1921இல் தொழிற் பிணக்குகள் காரணமாக மதிப்பீடு ஏப்ரலிலிருந்து யூன் 19இற்குத் தள்ளிப்போடப்பட்டது. உடனே கரையோர நகரங்களின் சனத்தொகை உல்லாசப் பயணிகளால் ஊதிப்போயிற்று!

பெரிய மூலதனமும் நகரசபையும் பருவத்தை நீட்ட முனைந்தது இன்னொரு கதை. 1879இல் பிளாக்பூல் நகரசபை விளம்பரத்துக்கென உள்ளூர் வரி அறவிடும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்திடம் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில் கடற்கரை வீதியில் எட்டு மின்வில் விளக்குகள் ஏற்றப்பட்டன. 1912 மே மாதத்தில் இளவரசி லூயிஸ் புதிய கரைவீதியைத் திறக்க வந்தபோது சுமார் 10,000 மின்குமிழ்கள் போடப்பட்டன; வியாபாரிகள் கேட்டுக்கொண்டதால் செப்ரெம்பரில் அவை மீண்டும் எரிந்தன. இரு உலகப் போர்களாலும் தடைப்பட்டு 1925இலும் 1949இலும் மீண்டும் தொடங்கிய அந்த அலங்காரம் நீண்டகாலம் நவம்பர் தொடக்கத்துடன் முடிந்தது. 2020 முதல் புத்தாண்டு வரை நீட்டப்பட்டுள்ளது. கடல் குளிக்கமுடியாத மாதங்களுக்கு ஒளியை விற்றார்கள். அரசியல் மாநாடுகளையும் இதே வகையில்தான் பார்க்க வேண்டும். தொழிற்கட்சியும் பழைமைபேண் கட்சியும் தொழிற்சங்கப் பேரவையும் தசாப்தங்களாக அங்குள்ள வின்ரர் கார்டன்ஸ் மண்டபத்தில் இலையுதிர் காலத்தில் கூடின. பிரித்தானிய வர்க்க அரசியலின் மகத்தான விவாதங்கள் சில, பருவம் முடிந்து வெறுமையான கட்டில்களின் தயவில் நடந்தவை என்று சொன்னால் தோழர்கள் கோபிக்கக்கூடாது.

ஒளி விடுதிக்காரருக்கு உதவியது. பணிப்பெண்களுக்கு? 1931 யூலையில் தொழிற்கட்சி அரசாங்கம் வேலையற்றோர் காப்புறுதியில் 'முரண்பாடுகளை'க் களைவதாகச் சொல்லி ஒரு சட்டம் கொண்டுவந்தது. அப்போதைய தொழில் அமைச்சர் மார்கிரட் பொண்ட்ஃபீல்ட், பிரித்தானிய மந்திரிசபையில் அமர்ந்த முதற்பெண். அந்தச் சட்டத்தின் கீழான விதிகளால் முதலில் அடிபட்டவர்கள் மணமான பெண்களும் பருவகாலத் தொழிலாளரும். பருவத்துக்கு வெளியேயும் கணிசமான வேலை பெறக்கூடியவர் என்று காட்டமுடியாதவருக்குக் குளிர்காலக் கொடுப்பனவு மறுக்கப்பட்டது. கோடையில் காப்புறுதிப் பணம் கட்டுபவள் குளிர்காலத்தில் வேலையற்றவள் அல்ல, அவளுக்கு அது இயல்பான நிலை என்பதே இதன் தர்க்கம். காலநிலை வாதம் எவ்வளவு வசதியானது என்பது இங்கே தெரிகிறது. வேலையின்மையை இயற்கையாக்கிவிட்டால் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அதே நகரம் குளிர்காலத்திலும் நிறைந்திருந்தது. விமானப்படையில் புதிதாகச் சேர்ந்த ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கு பயிற்றப்பட்டனர். லண்டனிலிருந்து அரசாங்க அலுவலகங்கள் இடம்பெயர்ந்து வந்தன. அரசு விரும்பினால் டிசெம்பரிலும் கட்டில் நிரம்பும்.

பின்னர் ஆலைகள் மூடப்பட்டன. 1959இன் பருத்திக் கைத்தொழிற் சட்டம் தறிகளை உடைத்துப் பழைய இரும்பாக்கப் பணம் கொடுத்தது. ஆலை இல்லாத ஊருக்கு 'வேக்ஸ்' எதற்கு? ஸ்பெயினுக்கான மலிவு விமானப் பயணங்கள் மட்டுமே பிளாக்பூலை வீழ்த்தின என்பது பாதி உண்மை.

வெறுமையான அறைகளுக்கு 1980களில் வேலையற்ற இளைஞர் வந்தனர். 1985இல் அரசாங்கம், 26 வயதுக்குட்பட்டோர் விடுதியில் தங்குவதற்கான உதவியை லண்டனில் எட்டு வாரங்களுக்கும் கரையோர நகரங்களில் இரண்டே வாரங்களுக்கும் மட்டுப்படுத்தியது. விடுமுறை கழிக்க வந்தவன் தங்கக்கூடிய அளவுக்குத்தான் வேலையில்லாதவனும் அங்கே தங்கலாம்! கரையோர விடுதிகள் நிரந்தர ஒற்றையறை வாடகைகளாக மாறுவதை இது நிறுத்தவில்லை.

எங்கள் சஞ்சிகைகளில் அகதி வாழ்வு பற்றி எழுதும்போது எல்லைகளையும் சட்டங்களையும் பேசுகிறோம், கட்டில்களைப் பேசுவதில்லை. 1990களின் இறுதியில் டோவர், மார்கேற் போன்ற கென்ற் கரையோர நகரங்களில் அகதிகள் தங்கவைக்கப்பட்டது பழைய உல்லாச விடுதிகளில். 1999இன் சட்டத்துக்குப் பின் 2000 முதல் புகலிடம் கோருவோரை நாடெங்கும் பிரித்தனுப்பியபோது, வீடு எங்கே மலிவாகவும் காலியாகவும் இருந்ததோ அங்கேதான் அனுப்பினார்கள். 2021இல் பிளாக்பூலின் கடல்முகத்துப் பெரிய ஹோட்டல் ஒன்று புகலிடம் கோருவோருக்கென எடுக்கப்பட்டபோது நகரசபை எதிர்த்தது. விமானப்படைக்கு அறை கொடுத்த அதே நகரம்.

நண்பருக்குக் கொடுத்த பதிலையும் எழுதிவிடுகிறேன். தை மாதத்தில் பெரிய கேளிக்கைப் பூங்கா பூட்டித்தான் இருக்கும். அந்த மாதங்களில் சவாரி இயந்திரங்களைத் திருத்துவார்கள், பழைய ஆலைகள் செய்தது போலவே. ட்ராம் வண்டி ஆண்டு முழுவதும் ஃப்ளீற்வூட் வரை ஓடும். பின்தெருக்களில் 'இடமில்லை' என்றோ 'பூட்டப்பட்டுள்ளது' என்றோ அட்டை தொங்கும் வீடுகளைக் காணலாம். மேல்மாடிகளில் விளக்கு எரியும்.