மலையூர் ஆலயங்களும் கண்ணாடித் தகடுகளும்

பெருநகரத்துப் பேராலயங்களைப் புகழ்வோர் பலர். சிற்றூர் ஆலயத்தின் உள்ளே புகுந்து சுவரை உற்று நோக்குவோர் சிலரே. அச்சிலரால் ஒரு நாட்டின் கலைச்செல்வம் காக்கப்பெற்ற வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கில் உள்ளது கட்டலோனியா. அங்கே பிரனீஸ் மலைகளின் நடுவே, போயீ பள்ளத்தாக்கில் தாவுல் என்னும் சிற்றூர் உளது. 1123 டிசம்பர் 10ஆம் நாள் அவ்வூரில் புனித கிளெமெந்து ஆலயமும், மறுநாள் புனித மரியன்னை ஆலயமும் அர்ச்சிக்கப்பெற்றன. கிளெமெந்து ஆலயத்தின் வெளித்தோற்றம் எளியது: கற்சுவரும் ஆறடுக்குக் கோபுரமுமே. உள்ளேயோ பீடத்தின் பின்னுள்ள அரைவட்டச் சுவரில், நீலப் பின்னணியில், விரித்த நூலைத் தாங்கி வலக்கையால் ஆசி வழங்கும் கிறிஸ்துவின் திருவுருவம் தீட்டப்பெற்றிருந்தது.

1907ஆம் ஆண்டு பார்ஸிலோனாவிலிருந்து ஓர் ஆய்வுக்குழு இம்மலைகளுக்கு வந்தது. தலைவர் கட்டடக்கலை வல்லுநர் பூச் இ கடஃபால்க். புகைப்படக்காரர் அடோல்ஃப் மாஸ். வண்டிச் சாலை எட்டாத பாதைகளில் காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் கொண்டு சென்றனர். சாளரங்கள் சிறியன; உள்ளே மங்கிய ஒளி. அக்காலத் தகடுகளோ ஒளியை மெல்லவே ஏற்பன. ஆகவே காமிராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்துப் பொறுமையுடன் படமெடுக்க வேண்டியிருந்தது.

இவ்வோவியங்களின் பெருமை வெளியே பரவியது. ஆனால் பெருமை பரவினால் விலையும் ஏறுமன்றோ? வணிகர்களும் மலையேறினர். 1919இல் மூர் என்னும் ஊரின் மரியன்னை ஆலய ஓவியம் விலைபோயிற்று. சுவரினின்று பெயர்க்கப்பெற்று, 1921இல் அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

பார்ஸிலோனா அருங்காட்சியக வாரியத்தார் விழித்துக்கொண்டனர். எஞ்சிய ஓவியங்களைத் தாமே விலைகொடுத்து வாங்கினர். இத்தாலிய வினைஞர்கள் ஓவியத்தின்மீது பசை தடவித் துணியை ஒட்டி, உலர்ந்தபின் துணியோடு வண்ணப்படலத்தையும் உரித்தெடுத்தனர். 1923க்குள் தாவுல் ஓவியங்கள் பார்ஸிலோனாவை அடைந்தன. ஓவியம் பிழைத்தது, ஊர்ச்சுவர் வெறுமையாயிற்று.

இங்கேதான் மாஸ் எடுத்த படங்களின் அருமை விளங்குகிறது. அருங்காட்சியகத்தில் ஓவியத்தைக் காணலாம். அது தன் ஊரில், தன் சுவரில், தன் மக்களிடையே இருந்த நிலையைக் காட்டுவன அப்படங்களே. 2000ஆம் ஆண்டு இப்பள்ளத்தாக்கின் ஆலயங்களை யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது. 2013 முதல் கிளெமெந்து ஆலயத்தின் பழஞ்சுவரிலேயே அவ்வோவியம் ஒளிவடிவாகக் காட்டப்படுகிறது.

பிழைப்பை நாடி வேற்றூரில் வாழும் நமக்கு, ஊரை நீங்கிய ஓவியத்தின் நிலை எளிதில் விளங்கும். விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் அன்பர்களுக்கு நாம் கூறுவது ஒன்று: கோயிலாயினும், மாதா கோயிலாயினும், பள்ளிவாசலாயினும், அங்குள்ளோரின் இசைவு பெற்று உட்புறத்தையும் படமெடுங்கள். படத்தின் பின்னே ஊரும் நாளும் எழுதி வையுங்கள். நாளை நம் மக்கள் வழி கேட்கும்போது அப்படம் வழிகாட்டும்.