வளர்ப்போருக்கும் விடுமுறை

தேவகி பெற்றாள், யசோதை வளர்த்தாள். பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்தே கண்ணனைத் தாலாட்டினார். வளர்ப்பவளும் தாயே என்பதைத் தமிழுள்ளம் பன்னெடுங்காலத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. தொழிற்சட்டமோ அதனை ஏற்பதற்கு நெடுநாள் தயங்கிற்று. இங்கிலாந்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1926ஆம் ஆண்டுவரை, பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக்கிக்கொள்ள இங்கிலாந்துச் சட்டத்தில் பொதுவான வழி இருக்கவில்லை. முதலாம் உலகப் போர் ஆதரவற்ற குழந்தைகளின் தொகையைப் பெருக்கிய பின்னரே பாராளுமன்றம் தத்தெடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1927 ஜனவரி 1ஆந் திகதி அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், தத்துப்பிள்ளைக்கு வளர்த்தோரின் சொத்தில் மரபுரிமை வழங்கியது 1949ஆம் ஆண்டுச் சட்டமே.

சொத்து கிடைத்தது, வளர்ப்போரின் நேரம் கிடைக்கவில்லை. 1919இல் வாஷிங்டனிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, பிரசவத்தின் பின் 6 கிழமை பெண்களை வேலைக்கு அமர்த்தலாகாது என விதித்தது. தாயின் உடல் தேறவேண்டும் என்பதே அவ்விதியின் முதற் கருத்து. பிரித்தானியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், போதிய சேவைக்காலமுடைய தாய்மாருக்கு 6 கிழமை பிரசவ வேதனமும், மகப்பேற்றின் பின் 29 கிழமைக்குள் வேலைக்குத் திரும்பும் உரிமையும் அளித்தது. மகவை ஈன்றவளுக்கே இவையெல்லாம் உரியனவாயின. தத்தெடுத்தவர் முதலாளியின் நல்லெண்ணத்தையே நம்பியிருக்க நேர்ந்தது. அது கைகூடாவிடின், வேலையையோ பிள்ளையையோ கைவிட வேண்டியதாயிற்று.

தத்துப்பிள்ளைக்கும் காலம் தேவை அன்றோ? பல வீடுகள் மாறி வந்த குழந்தை, புதிய முகத்தை ஒரு நாளில் நம்பிவிடாது. இரவில் விழித்து அழும்போது அதே கை மீண்டும் மீண்டும் வந்து அணைத்தாலன்றி, அந்த நம்பிக்கை வேரூன்றாது.

2002ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் இக்குறையை நீக்க முன்வந்தது. 2003 ஏப்பிரில் முதல், தத்தெடுக்கும் ஊழியருக்கு 26 கிழமை வேதனத்துடனும், மேலும் 26 கிழமை வேதனமின்றியும் விடுமுறை பெறும் உரிமை ஏற்பட்டது. கிழமையொன்றுக்கு 100 பவுண், அல்லது சராசரிச் சம்பளத்தின் நூற்றுக்கு 90 பங்கு. இவற்றுட் குறைந்ததே வேதனமாயிற்று. தம்பதியரில் எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், இதனைப் பெறலாம். பிள்ளை கைக்குழந்தையாக இருத்தல் வேண்டுமென்ற நிபந்தனையும் இல்லை.

2007இல் வேதனக் காலம் 39 கிழமையாக உயர்ந்தது. 2015 ஏப்பிரிலில் முதல் 6 கிழமைக்கும் சம்பளத்தின் நூற்றுக்கு 90 பங்கு முழுமையாகக் கிடைத்தது. ஈன்ற தாய்க்கு முன்னரே இருந்த சலுகை இது. விடுமுறை பெறுவதற்கு 26 கிழமைச் சேவை வேண்டுமென்ற விதியும் அப்பொழுதே நீங்கிற்று. வேதனத்துக்கு மட்டும் அது நிலைத்தது.

எனினும், சுயதொழில் செய்து தத்தெடுப்போரை அச்சீர்திருத்தம் சென்றடையவில்லை. சுயதொழில் செய்து பிள்ளை ஈன்ற தாய்க்குப் பிரசவ உதவித்தொகை உண்டு. தத்தெடுத்த தாய்க்கு அதற்கிணையான உதவி வகுக்கப்படவில்லை.

பிள்ளையென்று ஏற்ற சட்டம், அப்பிள்ளைக்குச் சொத்துரிமை வழங்க 23 ஆண்டுகள் சென்றன. வளர்ப்போரின் மடியில் அமைதியாக இருக்கும் காலத்தை வழங்க 76 ஆண்டுகள் சென்றன. ஆனால், பிள்ளை முதலில் நாடியது மடியையே.